திரும்பி வரும் தண்ணீர்

முல்லைப் பெரியாற்றின் பாசனக் கணக்கு லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டியில் முடிகிறது. 14,707 ஏக்கர், இருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். இல்லாத வருஷம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கடைமடைக்காரர்களாக இருந்து, மேலே எடுத்தது போக மிச்சத்துக்குக் காத்திருந்து பழகிய ஊர் இது. அந்த ஊரைச் சுற்றித்தான் இப்போது தோட்ட வீடுகளிலும் விடுதிகளிலும் நீலக் கல் பதித்த தொட்டிகள் முளைக்கின்றன. மேகமலை, சுருளி, கும்பக்கரை என்று வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு அறையோடு நீச்சல் குளமும் வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டுகிறார்கள்.

கட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஒப்பந்தக்காரர் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டித் தந்துவிடுவார். சிக்கல் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் நாளில் ஆரம்பிக்கிறது. மோட்டார் அறையில் ஒரு பம்பு, பெரிய பானை போன்ற ஒரு ஃபில்டர், அதன் தலையில் ஆறு பெயர் எழுதிய ஒரு கைப்பிடி, நாலைந்து வால்வுகள், ஒரு டைமர். "சுவிட்சைப் போடுங்கண்ணே, அதுபாட்டுக்கு ஓடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பயிற்சி. அதுபாட்டுக்கு ஓடாது. முதல் பத்து நாள் எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பத்து வருஷமும்.

தோட்டத்தில் பார்த்த அதே மணல்

இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிக்கு அந்த அறையில் இருக்கும் எதுவும் உண்மையில் புதிதல்ல. சின்னமனூர் வாழையிலும் சுருளிப்பட்டி, ஓடைப்பட்டி திராட்சையிலும் சொட்டுநீர் ஓடுகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் கிடைப்பதால் பல தோட்டங்களில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சாண்ட் ஃபில்டர் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர் மேலிருந்து மணலுக்குள் இறங்குகிறது. தூசியும் பாசியும் மணலில் தங்குகின்றன. பிரஷர் முள் ஏறுகிறது. வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டால் அழுக்கு வெளியே போகிறது. இதற்குத்தான் பேக்வாஷ் என்று பெயர். நீச்சல் குளத்து ஃபில்டர் செய்வதும் இதே வேலை. உரம் விடும் வென்ச்சுரியைக் கையாண்டவருக்குக் குளோரின் ஊட்டும் கருவி ஒரு நாளில் பிடிபட்டுவிடும்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. தோட்டத்தில் தண்ணீர் போய்விடும், குளத்தில் திரும்பி வரும்.

பம்பு உறிஞ்சி, மணலில் வடிகட்டி, சுவரில் உள்ள வாய்கள் வழியாக அதே தண்ணீரைத்தான் மறுபடி குளத்துக்குள் தள்ளுகிறது. எனவே உள்ளே விழுந்த எதுவும் தானாக வெளியேறாது. வியர்வை, எண்ணெய், சுண்ணாம்பு, போட்ட மருந்தின் மிச்சம் எல்லாம் அங்கேயே சேரும். நம் கிணறுகளில் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினார்கள். யாரும் குளோரின் போடவில்லை. அந்தக் கிணற்றை மோட்டார் தினமும் இறைத்து வயலுக்கு அனுப்பியது, ஊற்று புதிதாகச் சுரந்தது. டைல்ஸ் தொட்டிக்கு ஊற்று கிடையாது.

தண்ணீர் விடுவதற்கு முன்

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கினால் 38,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு முழுதாகவும் கொஞ்சம் மேலேயும். இவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கடக்க வேண்டுமென்றால் மணிக்கு 6,400 லிட்டர். அதற்கு ஒரு ஹெச்.பி.க்குள் அடங்கும் பூல் பம்பும், 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டரும் போதும். "பெரிய மோட்டாராப் போட்டுருவோம்" என்பது நம் ஊர் வழக்கம். இங்கே அது ஆகாது. ஃபில்டரின் தகுதிக்கு மீறி வேகமாகத் தள்ளினால் அழுக்கு மணலில் நிற்காமல் துளைத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பும்.

மணல் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. ஆற்று மணலோ எம்-சாண்டோ உதவாது. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை சலித்த சிலிக்கா மணல்தான் வேண்டும். ஃபில்டரின் அடியில் கைவிரல்களாக விரிந்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் மெல்லியவை. வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் அவை ஒடியும். முதலில் பாதி தண்ணீர், நடுக்குழாயின் வாயில் ஒரு மூடி, அதன் பிறகு மெதுவாக மணல். ஒடிந்துவிட்டால் அடையாளம் எளிது: ஓடத் தொடங்கிய சில நாளில் தண்ணீர் வரும் வாய்களுக்குக் கீழே குளத்தில் மணல் குவியும். அப்போது உள்ளே போட்ட மணல் அத்தனையையும் அள்ளி வெளியே போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

வயற்காட்டை ஒட்டிக் கட்டியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நிலத்தடி நீர் மேலே வரும். அந்த நேரத்தில் குளம் காலியாக இருந்தால், கீழிருந்து வரும் அழுத்தம் கான்கிரீட் தொட்டியையே பெயர்த்து மேலே தூக்கும். குறைந்தபட்சம் விரிசல் விடும். நிரம்பிய குளத்துக்கு அந்த ஆபத்து இல்லை, உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையே பிடித்துக்கொள்ளும். கழுவ வேண்டும் என்று நினைத்த நாளில் எல்லாம் காலி செய்யலாம் என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

முதல் சுவிட்ச்

குளம் ஸ்கிம்மரின் பாதி வாய் வரை நிரம்பியிருக்கிறது. ஸ்கிம்மர் என்பது சுவரின் மேல்பக்கம் உள்ள சதுர ஓட்டை. மிதக்கும் இலையையும் பூச்சியையும் இழுப்பது அதுதான். மட்டம் அதற்குக் கீழே போனால் பம்பு காற்றை இழுக்கும்.

மோட்டாருக்கு முன்னால் கண்ணாடி மூடி போட்ட ஒரு கூடை இருக்கும். அதைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி, ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். ஃபுட் வால்வில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய கைகளுக்கு இது சாதாரணம். வெறும் மோட்டாராக ஓடினால் தண்டைச் சுற்றியுள்ள சீல் சில நிமிடத்தில் கருகிவிடும். அதன் பிறகு எப்போதும் சொட்டும். உறிஞ்சும் பக்கத்து வால்வுகளையும் திரும்பும் பக்கத்து வால்வுகளையும் திறந்திருக்கிறோமா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது. மும்முனை மோட்டார் என்றால் காற்றாடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். தலைகீழாகச் சுற்றினாலும் பம்பு கொஞ்சம் தண்ணீர் தள்ளும். அதனால்தான் பலருக்கு மாதக்கணக்கில் தெரிவதே இல்லை.

அடுத்து அந்த ஆறு பெயர்க் கைப்பிடி. ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட், குளோஸ்டு. மோட்டார் ஓடும்போது இதைத் தொடவே கூடாது. உள்ளே சக்கர ஆரம் போன்ற ரப்பர் இருக்கிறது. ஓட்டத்தில் திருப்பினால் அது மடங்கிக் கிழியும், அன்றிலிருந்து பேக்வாஷ் குழாயில் இரவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

புதுக் குளத்தை முதலில் ஓட்ட வேண்டியது ஃபில்டர் நிலையில் அல்ல, பேக்வாஷ் நிலையில். புது மணலில் தூசி இருக்கும். நேராக ஃபில்டரில் ஓட்டினால் அத்தனையும் புது டைல்ஸ் மேல் போய்ப் படியும். இரண்டு மூன்று நிமிடம், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை பேக்வாஷ். நிறுத்தி, அரை நிமிடம் ரின்ஸ். மறுபடி நிறுத்தி, ஃபில்டர். தொட்டியின் தலையில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவைத்து, சீறல் அடங்கித் தண்ணீர் பீய்ச்சியதும் மூட வேண்டும். இப்போது பிரஷர் முள் எங்கே நிற்கிறது? அந்த எண்ணைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். சுத்தமான மணலின் அடையாளம் அது. அரை கிலோ கூடினால் பேக்வாஷ். குறைந்தால் கூடையோ ஸ்கிம்மரோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வாங்கியவர்களில் சிலர் ஆர்வத்தில் தினமும் பேக்வாஷ் செய்கிறார்கள். லேசாக அழுக்கு படிந்த மணல்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். தினமும் கழுவினால் தண்ணீரும் வீண், தெளிவும் வராது. ஒரு பேக்வாஷுக்கு நானூறு ஐந்நூறு லிட்டர் போகும். உப்புக் குளோரினேட்டர் இல்லாத குளமானால் அதைத் தென்னைக்குத் திருப்பிவிடலாம்.

முதல் 24 மணி நேரம் பம்பை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இடையிடையே டைல்ஸைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கட்டுமானத் தூசி நினைப்பதைவிட அதிகம். முதல் வாரத்தில் மட்டும் முள் விறுவிறுவென ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

எந்தத் தண்ணீர்

பெரியாற்றுத் தண்ணீர் மலைத் தண்ணீர், உப்பு குறைவு. ஆனால் ஆற்றில் மோட்டார் போட்டு எடுத்துக் குளம் நிரப்புவது கடைமடைக்காரன் வாயில் மண் போடுகிற வேலை, சட்டமும் அனுமதிக்காது. ஆகவே போர் தண்ணீர்தான், அல்லது லாரி. லாரியும் எங்கோ ஒரு போரிலிருந்துதான் வருகிறது.

போர் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். சோற்றுப் பானையின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது குளத்தில் தண்ணீர் மட்டத்தின் கோட்டில் படியும், பிறகு ஃபில்டர் மணலைக் கட்டியாக்கும். இரும்புச்சத்து இருந்தால் இன்னொரு வேடிக்கை: பளிங்காக நிரம்பிய குளத்தில் முதல் குளோரினைப் போட்டதும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும், சில சமயம் பச்சையாகும். பாசி என்று நினைத்து மேலும் மேலும் குளோரின் கொட்டுவார்கள். அது பாசி அல்ல, கரைந்திருந்த இரும்பு துருவாகி வெளியே வந்திருக்கிறது. ஃபில்டரை ஓட்டிக்கொண்டே இருந்து, பேக்வாஷ் செய்துகொண்டே இருந்தால் போகும். நிரப்புவதற்கு முன் ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நீச்சல் குளத்து நீருக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஐ.எஸ். 3328. குளம் கட்டித் தருகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடலாம்.

மருந்து

முதல் கவனம் குளோரினில் அல்ல, பி.ஹெச். அளவில் இருக்க வேண்டும். பி.ஹெச். 7.5-ல் இருக்கும்போது போட்ட குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்கு. அதாவது அதே பணம், பாதி வேலை. புதுச் சிமெண்ட் சாந்து சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருப்பதால் முதல் சில வாரம் பி.ஹெச். மேலேயே போகப் பார்க்கும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் பிடித்து வைக்க வேண்டும்.

அதற்கு முன் காரத்தன்மை, 80 முதல் 120 புள்ளி (பி.பி.எம்.) வரை. போர் தண்ணீரில் இது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நம் 38,400 லிட்டர் குளத்தில் 10 புள்ளி குறைக்க, கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முக்கால் லிட்டர் ஆகும். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. இன்று கொஞ்சம், பம்பு ஓடட்டும், நாளை சோதித்து மறுபடி. வாளித் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளோரின் பல உருவத்தில் கிடைக்கிறது. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் அடியில் சுண்ணாம்புச் சேறு விடும். போட்டே ஆக வேண்டுமென்றால் வாளியில் கரைத்துத் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். 65 சதவீதக் கால்சியம் ஹைபோகுளோரைட் சுத்தம். நம் குளத்தில் ஒரு புள்ளி ஏற்ற 60 கிராம் போதும், தொடக்கத்தில் பத்துப் புள்ளி ஏற்ற 600 கிராம். ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரில் இது மேலும் சுண்ணாம்பு சேர்க்கும் என்பதால், அங்கே திரவக் குளோரின் மேல். இன்னொன்று மாத்திரை. சோம்பேறிகளின் நண்பன், மெதுவாகக் கரையும். அதோடு சயனூரிக் அமிலம் என்ற பொருளும் கரைகிறது. அது 30-லிருந்து 50 வரை இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நம் வெயில் இரண்டு மணி நேரத்தில் குளோரினின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் அது ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. வருஷம் முழுக்க மாத்திரையே போட்டால் 100-ஐத் தாண்டிப் போய்க் குளோரினையே கட்டிப்போடும். தண்ணீரை இறைத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. திரும்பி வரும் தண்ணீரின் சங்கடம் இதுதான்.

மாத்திரையையும் ஹைபோகுளோரைட்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே கரண்டியில்கூடக் கலக்கக் கூடாது, வெடிக்கும். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு. இரண்டையும் மோட்டார் அறையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பதுதான் நான் பார்த்த பெரும்பாலான இடங்களின் வழக்கம். விபத்து நடக்காவிட்டாலும் அந்தப் புகையில் மின்பெட்டியின் செம்பெல்லாம் பச்சை பிடித்துவிடுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

"குடும்பத்து ஆட்கள் மட்டும்தானே, இவ்வளவு கெடுபிடி எதற்கு?" என்று கேட்பவர்கள் 2024-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவுக்குக் குழந்தைகள் பலியானார்கள். அவர்களில் கண்ணூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி, பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் மூணாற்றில் ஒரு நீச்சல் குளத்தில் குளித்திருந்தாள் என்று செய்திகள் வந்தன. மூணாறு நமக்குப் போடிமெட்டு ஏறினால் அந்தப் பக்கம். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த உயிரி மூக்கு வழியாக ஏறுகிறது. முறையாகக் குளோரின் உள்ள தண்ணீரில் அது பிழைக்காது. "குளோரின் நெடி அடிக்குது, அதிகமாப் போட்டுட்டாங்க" என்பதும் பெரும்பாலும் தவறு. அந்த நெடியும் கண் எரிச்சலும் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினிலிருந்து வருகின்றன. அங்கே குளோரின் போதவில்லை என்றே பொருள்.

இன்னொரு ஆபத்து அடியில் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஒரு வெந்நீர்த் தொட்டியின் அடி உறிஞ்சு வாயில் ஏழு வயதுச் சிறுமி ஒட்டிக்கொண்டாள். பெரியவர்கள் சேர்ந்து இழுத்த இழுப்பில் மூடி உடைந்துதான் அவளை எடுக்க முடிந்தது, உயிர் போயிருந்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். 2007-ல் அவள் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. அடியில் ஒரே ஒரு வாய் இருந்து அதை உடம்பு மூடினால் பம்பின் முழு இழுப்பும் அந்த உடம்பின் மேல். குறைந்தது மூன்று அடி இடைவெளியில் இரண்டு வாய்கள், இரண்டும் ஒரே குழாயில் சேர வேண்டும், மேலே குவிந்த மூடி. இது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

மின்சாரத்துக்கு ஒரே பேச்சு: 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தனி எர்த், தண்ணீருக்குள் 12 வோல்ட் விளக்கு. தோட்டத்து இலவச மின் இணைப்பில் குளத்துப் பம்பை மாட்டுவது மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவில் போய் நிற்கும். வீட்டு இணைப்பில் ஒரு ஹெச்.பி. பம்பு தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்டுக்குப் பக்கம். வீட்டு உபயோகமும் சேர்ந்து 500-ஐத் தாண்டிப் போய்விடும். விடுதி என்றால் கட்டண வகையே வேறு. கடிகார டைமர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கரண்ட் போன நேரமெல்லாம் அந்தக் கடிகாரமும் நின்றிருக்கும். பகலில் ஓட வேண்டிய பம்பு ஒரு மாதத்தில் நடுராத்திரிக்கு நகர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

மட்டம் குறைகிறது, ஒழுக்கு என்ற பதற்றமும் முதல் கோடையில் வரும். நம் வெயிலுக்கு ஒரு நாளில் ஐந்து மில்லிமீட்டர் ஆவியானாலே 160 லிட்டர். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குறைந்தது வெயிலுக்குப் போனது. குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் போன்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும். வெயில், கூட்டம், பிள்ளைகள், தலையில் எண்ணெய், உடம்பெல்லாம் வியர்வை. புதுக் குளத்துக்கு அதுதான் பரீட்சை. அந்த வாரம் பம்பை இரட்டிப்பு நேரம் ஓட்டி, காலையிலும் சாயங்காலமும் சோதித்து, இறங்குவதற்கு முன் குழாயடியில் எல்லோரையும் ஒரு குளியல் போடச் சொல்ல வேண்டும். கரையில் நின்று பார்த்தால் அடியில் உள்ள மூடியின் ஓட்டைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குக் குளம் கிடையாது, மாமா மெட்ராஸிலிருந்து வந்திருந்தாலும் சரி.